லண்டனில் வாடகைக் கார் ஓடப் படிக்கும் மகனுக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ களஞ்சிய வேலையை விட்டுவிட்டு ஊபரில் ஓடுவதற்கான பரீட்சைகளுக்குப் படிக்கிறாய் என்று மருமகள் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு மனம் சரியில்லை. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு முன்னால் ஒஸ்ரின் ஏ 40 காரை நிறுத்திவைத்து வாடகைக்கு, அதாவது ஹயர் ஓடித்தான் உங்களைப் படிப்பித்தேன். ஆனால் அப்பா செய்த தொழில்தானே, பழகியதுதானே என்ற எண்ணத்தோடு நீ பரீட்சைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். லண்டன் போக்குவரத்துச் சபை சாரதிகளுக்கு வெளியிட்டிருக்கும் கையேட்டைத் தங்கை அச்சிட்டுத் தந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

முதலில், பயணிகளை ஏற்றும் முறை. இங்கே தெருவில் யார் கை காட்டினாலும் நான் நிறுத்துவேன். கூலியை யன்னலடியிலேயே பேசி முடிப்போம். அங்கே அந்த உரிமை கறுப்பு டாக்சிக்காரருக்கு மட்டுமே உண்டு. லண்டனின் நடுவிலுள்ள சாரிங் குரொஸ்ஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் அவர்கள். உனக்குக் கிடைக்கப்போவது, அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தின் ஊடாக முன்கூட்டியே பதிவான பயணத்தை ஓடும் உரிமை மட்டுமே. நாளைக்குக் கோயிலடியில் யாராவது தெரிந்தவர், 'தம்பி, ஒருக்கா ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடு, காசு தாறன்' என்று கட்டாயம் கேட்பார். நம்முடைய ஆட்கள் அதை உதவி என்றே நினைப்பார்கள்; சட்டம் அதைப் பதிவில்லாத ஹயர் என்றே பார்க்கும். அந்த ஓட்டத்தில் ஒரு விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது, அனுமதிப்பத்திரமும் பறிபோகலாம். காசு வாங்காமல் உறவுக்காகக் கொண்டுபோய் விடுவது வேறு விடயம். காசு தருகிறவருக்குச் செயலியில் பதியச் சொல், கோபித்தால் கோபிக்கட்டும்.

அடுத்தது நாய். சிரிக்காதே. கண்பார்வையற்றவரோடு வரும் வழிகாட்டி நாயை ஏற்ற மறுப்பது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி குற்றம். 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம், நாய்க்கென்று மேலதிகக் கூலி கேட்கவும் முடியாது. ஒவ்வாமை என்று சொல்லித் தப்புவதற்கும் வைத்தியச் சான்றோடு முன்கூட்டியே விலக்குப் பெற்றிருக்க வேண்டும். நாயை வாசற்படியோடு நிறுத்திப் பழகிய வீட்டில் வளர்ந்தவன் நீ; அந்தப் பழக்கத்தால் ஒரு கணம் முகம் சுளித்தாலும் பின்னால் இருப்பவருக்கு விளங்கிவிடும். ஆகவே கையேட்டின் அந்தப் பகுதியைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதே.

பாதுகாப்பு, சமத்துவம், விதிமுறைகள் பற்றிய பரீட்சையில் விடைகளைத் தெரிவுசெய்யும் வினாக்களோடு, வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை நிரப்பும் வினாக்களும் வருமாம். உன் ஆங்கிலம் பேசப் போதும். சட்ட நடையில் எழுதியதை வாசிப்பது வேறு வேலை. பேரனை அருகில் இருத்தி ஒவ்வொரு பந்தியையும் சத்தமாக வாசி. தனியே வரும் சிறுபிள்ளை, நிலை தடுமாறிய பெண், யாரோ பலவந்தமாக அழைத்துப்போகும் ஆள் ஆகியோரைக் கண்டால் எதைக் கவனிக்க வேண்டும், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற பகுதிதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. எங்கள் காலத்தில் இதையெல்லாம் ஒருவரும் கற்பிக்கவில்லை. ஏறியவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருந்ததால் பெரும்பாலும் சமாளித்தோம். ஏறுபவர் யாரென்றே தெரியாத ஊரில் அது நடக்காது.

வரைபடப் பரீட்சையைப் பற்றி உனக்குச் சலிப்பு என்று அறிந்தேன். கைத்தொலைபேசி வழி காட்டும்போது வரைபடப் புத்தகத்தின் அட்டவணையில் தெரு தேடுவதும், திசை சொல்வதும், பாதை வகுப்பதும் எதற்கு என்று கேட்டாயாம். பலாலி வீதி அடைபட்டால் எந்த ஒழுங்கையால் விழுந்து காங்கேசன்துறை வீதிக்கு ஏறலாம் என்று தெரிந்தவனுக்குத்தான் இரண்டாம் முறையும் ஹயர் கிடைத்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் பதிவுச் சான்று, மூன்று வருடம் பழமையான பிரித்தானியச் சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை நீ ஒழுங்காக வைத்திருப்பாய். நான் பயப்படுவது காசு விடயத்தில்தான். தனியார் வாடகைச் சாரதி அனுமதி கைக்கு வரும்முன் காரைக் கடனுக்கு எடுத்துவிடாதே. அனுமதி தாமதித்தாலும் கடன்காரன் தாமதிக்க மாட்டான். சாரதிகள் தொழிலாளருக்குரிய உரிமைகள் உடையவர்கள் என்று 2021 பெப்ரவரியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது நல்ல செய்திதான். அதன்பிறகு ஊபர் விடுமுறைக் கொடுப்பனவும் ஆகக்குறைந்த சம்பளமும் தருவதாக அறிவித்தது. ஆனால் அந்தச் சம்பளம் பயணத்தை ஏற்றுக்கொண்டது முதல் அது முடியும் வரையான நேரத்துக்கே என்றும் அப்போதே சொன்னது. தெருவோரத்தில் காத்திருக்கும் நேரத்தை உன் கணக்கில் தனியே எழுதி வை.

இன்னொன்று, 2023 தொடக்கம் லண்டனில் புதிதாக அனுமதி கேட்கும் வாடகைக் கார் மின்சாரத்திலும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். போர் நடந்தபோது இங்கே இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடியவனுக்கு இதில் புத்தி சொல்லத் தகுதியில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: நீங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறீர்கள், இரவில் அந்தக் காருக்கு எங்கே மின்னேற்றப் போகிறாய்? பொது நிலையங்களில் ஏற்றுவதானால் வீட்டிலும் பார்க்கச் செலவு கூடும் என்று தங்கை சொல்கிறாள். வாரவாடகைக்குக் கார் எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா என்பதை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா