கண்மாய்க்கரைப் பாதை: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அரசு மேல்நிலைப் பள்ளி, மேலப்பட்டி
புதுக்கோட்டை மாவட்டம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பற்றிய கடிதம் தனியாக வரும். இது வேறு விஷயம்: கீழப்பட்டியிலிருந்து நம் பள்ளிக்கு வரும் கண்மாய்க்கரைப் பாதையைச் சரிசெய்வது பற்றி.

இரண்டு வாரத்துக்கு முன் கீழப்பட்டியிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு டி.சி. வேண்டும் என்றார். நன்றாகப் படிக்கிற பிள்ளை. பணக் கஷ்டமா, கல்யாணப் பேச்சா என்று கேட்டேன். இரண்டும் இல்லை. "ரோட்டுல அனுப்பப் பயமா இருக்கு டீச்சர். காலையில பஸ்ஸ விட்டா அடுத்த பஸ் ஒன்பதரைக்கு. சைக்கிள் குடுத்தீங்க, திண்ணையிலதான் நிக்குது" என்றார். டி.சி.யை எழுதவில்லை. ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு மாதத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆடி மாதம் நம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை லாரி உரசிவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். கை எலும்போடு போயிற்று. நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் மண் இருக்கிறது, அதற்குப் பிறகு பள்ளம். எதிரே பஸ் வந்தால் பிள்ளை சைக்கிளோடு எங்கே ஒதுங்குவது?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். வட்டார வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, ஒவ்வொருவரும் தன் வீடு இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார்கள். பொட்டுகள் கண்மாயைச் சுற்றி மாலை மாதிரி நின்றன. கீழப்பட்டியில் மட்டும் 47 பொட்டுகள். அங்கிருந்து நெடுஞ்சாலை வழியாக நம் பள்ளிக்கு 5.8 கிலோமீட்டர். கண்மாய்க்கரை வழியாக டேப் பிடித்து அளந்தால் 2.3 கிலோமீட்டர். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள் என்று கல்வி உரிமைச் சட்ட விதிகள் சொல்கின்றன. மேல்நிலைப் பள்ளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாதுதான். ஆனாலும் அந்தக் கிலோமீட்டரை மேசையில் இருக்கும் படத்தில் அளக்கிறார்களா, பிள்ளையின் காலில் அளக்கிறார்களா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம் உண்டு.

கரைப் பாதை புதிதல்ல. வருவாய்த் துறையின் இணையதளத்திலிருந்து புல வரைபடங்களை எடுத்துப் பார்த்தோம். வண்டிப்பாதை புறம்போக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. நம் பக்கம் முதல் மடை வரை 900 மீட்டருக்குச் சிமெண்ட் சாலை போட்டாயிற்று. கீழப்பட்டிப் பக்கமும் 1,060 மீட்டர் நல்ல சரளைப் பாதை. நடுவில் 340 மீட்டர் மட்டும் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. காரணம், அங்கேதான் இரண்டு ஊராட்சிகளின் எல்லைக்கல் நிற்கிறது. இவர்கள் தங்கள் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொண்டார்கள், அவர்களும் அப்படியே. யார் மீதும் தப்பில்லை. அடுத்த ஊராட்சியின் மண்ணில் செலவு செய்தால் தணிக்கையில் கேள்வி வரும். ஆனால் பிள்ளைக்கு வேண்டியது அந்த 340 மீட்டர்தான். மற்ற இரண்டு கிலோமீட்டரும் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

உங்களில் வயதானவர்களுக்கு இந்தக் கரை வேறு விதமாக நினைவிருக்கும். 1991-இல் அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் தொடங்கியபோது நான் தொண்டராகச் சேர்ந்த கல்லூரிப் பெண். ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போன இடத்தில், பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆயிரக்கணக்கில். பலர் பாருள்ள ஆண்கள் சைக்கிளைத்தான் கேட்டார்கள், முன்னால் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. சாயங்காலமானால் ஆண்கள் பார்க்காத இடம் தேடி எல்லோரும் இந்தக் கரைக்குத்தான் வருவோம். நானும் இங்கேதான் கற்றுக்கொண்டேன், இரண்டு முறை கண்மாய்க்குள்ளேயே இறங்கிவிட்டேன். அன்று கரையில் சைக்கிள் பழகியவரின் பேத்தி இன்று பயந்து டி.சி. கேட்கிறாள் என்றால், எனக்கு வருத்தம் மட்டுமில்லை, கோபமும் வருகிறது.

இனி வேலைக்கு வருவோம். ஒன்றியப் பொறியாளர் ஒருவரை நடந்து காட்ட அழைத்துச் சென்றோம். அவர் சொன்னதையும் என் கருத்தையும் கலந்தே எழுதுகிறேன்.

நடுவில் உள்ள பகுதியை 2 மீட்டர் அகலத்துக்குச் செம்மண் சரளை கொட்டி, உருளை ஓட்டி இறுக்கினால் போதும். இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே தாராளமாகப் போகும். சிமெண்ட் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சிமெண்ட் விரிசல் விட்டால் டெண்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும், சரளை அரித்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமே இரண்டு சட்டி மண் போட்டுவிடலாம். நடுவில் சற்று மேடாக விட்டால் மழைத்தண்ணீர் இரு பக்கமும் இறங்கும். கரையை வெட்டக் கூடாது, அகலப்படுத்த வேண்டுமென்றால் மண் சேர்க்கத்தான் வேண்டும். நம் கண்மாயின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்பதால் அது ஒன்றியத்துக்கு உட்பட்டதல்ல. நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். அதற்கு மனு எழுதிவிட்டேன்.

கண்மாயின் உபரி நீர் வெளியேறும் கலிங்கு இருக்கும் இடம்தான் சிக்கல். கண்மாய் நிறைந்து மறுகால் போகும் நாட்களில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். பாலம் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார், ஆனால் மறுகால் நீரை மறிக்கிற எதையும் கட்டினால் கீழே உள்ள ஊருக்குத்தான் ஆபத்து. மறுகால் போகும் நாட்களில் பாதையை மூடிவிடுவோம். மடையில் ஒரு சிவப்புக் கொடி கட்டப்படும். கொடியைக் கண்டால் அன்றைக்கு பஸ். அந்த நாட்களில் கீழப்பட்டிப் பிள்ளைகள் தாமதமாக வந்தாலும் அந்தத் தாமதத்தை வருகைப் பதிவில் குறிக்க மாட்டேன்.

டிராக்டர் பற்றிக் கேட்டார்கள். பாதை சரியானதும் மண் அள்ளுகிற வண்டிகள் நுழைந்துவிடும் என்ற பயம் நியாயமானது. இரண்டு முனையிலும் கல்தூண் நட்டு, நடுவில் 1.2 மீட்டர் இடைவெளி விடலாம். நம் ஏழாம் வகுப்பு மாணவனின் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழையும், டிராக்டர் நுழையாது. பைக் நுழையும், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வயலுக்கு வண்டி ஓட்டுகிறவர்களின் வழி வடக்கே தனியாக இருக்கிறது, அதில் யாரும் கைவைக்கப் போவதில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். சரியான கேள்வி. விளக்குக் கம்பம் வர நாளாகும். அதுவரை நான் செய்யக்கூடியது ஒன்றுதான். மாலைச் சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றுகிறேன். நாலரை மணிக்குப் பிறகு கீழப்பட்டிப் பிள்ளை யாரும் பள்ளியில் இருக்க மாட்டார்கள். கூட்டாகக் கிளம்ப வேண்டும், ஒரு குழுவுக்கு ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பொறுப்பு. மடையடியில் உட்கார்ந்து பாட்டில் திறக்கிறவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பாதை மேலப்பட்டிக்குள் நுழையும் இடத்தில் எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்பதில் சிலருக்கு மனக்குறை. "அந்தத் தெரு வழியா வேண்டாம் டீச்சர், சுத்திக்கிட்டு வரட்டும்" என்றார்கள். சுற்றினால் 600 மீட்டர் கூடுகிறது. அந்த 600 மீட்டருக்கான காரணத்தைக் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆகவே பாதை நேராகத்தான் வரும் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் கேட்பது. அக்டோபர் 2 கிராம சபை. இரண்டு ஊராட்சியிலும் தனித்தனியே தீர்மானம் வேண்டும், ஒரு சபையின் தீர்மானம் மற்றதைக் கட்டாது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும், இல்லையென்றால் சபையே கூடியதாகாது. போன முறை எத்தனை பேர் வந்தோம் என்பது நமக்கே தெரியும். இரண்டு சபையும் ஒரே நேரத்தில் நடக்கும். நான் கீழப்பட்டிக்குப் போகிறேன், உதவித் தலைமையாசிரியர் இங்கே இருப்பார். அக்டோபர் 2-ஐ விட்டால் நவம்பர் 1 வரை பொறுக்க வேண்டும். அதற்குள் ஐப்பசி மழை இறங்கிவிடும், ஈரக் கரையில் உருளை ஓட்ட முடியாது, தை மாதம்தான்.

பணத்துக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும். மதிப்பீடு வந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கிறேன். அதற்கு முன் யாரும் யாரிடமும் பணம் வசூலிக்க வேண்டாம். வசூல் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அந்த 340 மீட்டரில் முள் வெட்டப் போகிறோம். எல்லைக்கல்லின் இரு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பதாகப் பேச்சு. அரிவாள், கவைக்கம்பு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். செருப்பு இல்லாமல் வர வேண்டாம், பாம்பு உண்டு. மாணவர்களுக்கு அன்று வேலை கிடையாது, பெரியவர்கள் மட்டும். காபிக்குச் சத்துணவு அமைப்பாளர் பொறுப்பேற்றிருக்கிறார்.

கீழே உள்ள சீட்டில் உங்கள் பிள்ளை இப்போது எப்படி வருகிறார் (நடந்து, சைக்கிளில், பஸ்ஸில், பைக்கில்), கரைப்பாதை வந்தால் எப்படி அனுப்புவீர்கள் என்று குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை