மேட்டை வெட்ட வேண்டாம், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

வீட்டு வரைபடம் வந்து சேர்ந்தது. ஜன்னல்களைக் கிழக்குப் பார்த்து வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பின்பக்க மேட்டை 15 அடி வெட்டி இடம் எடுக்கலாம் என்கிறாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

சின்ன வயதில் உன்னை நம் நீலகிரியின் கோடநாடு காட்சிமுனைக்குக் கூட்டிப்போனேனே, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே மாயாறு நூல் மாதிரி இருக்கிறது என்றாய். அந்தப் பள்ளம் ஆறு மட்டும் அறுத்ததில்லை. பூமியின் இரண்டு பெரிய துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த கோடு அது. அங்கே நைந்துபோன பாறையில்தான் ஆறு வழி பிடித்தது. வடக்கே மைசூர் பீடபூமி. அதைவிட ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் நாம். மேற்கே முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவில் அதே ஆறுதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை.

நம் மலையின் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். சுமார் 250 கோடி வருடப் பழசு. 20 கிலோமீட்டருக்கும் கீழே, பூமிக்குள் வெந்து உருவானது. புதிதாக உடைத்தால் கருநீலமாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும். அதன் மேல் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

ஆனால் நம் வீட்டடியில் இருப்பது அந்தக் கல் இல்லை, அது மக்கி உண்டான மண். போன வாரம் ரோட்டை அகலப்படுத்த வெட்டிய இடத்தில் நின்று பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேலே செம்மண், நடுநடுவே உருண்டைப் பாறைகள். ஒன்றைத் தொட்டேன், வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தது. மழைத்தண்ணீர் இந்த மண்ணுக்குள் இறங்கி, அடியில் கெட்டிப்பாறை தடுத்ததும் அங்கேயே தேங்கி நிற்கும். ஊறிக் கனத்த மண்ணுக்குக் கீழே முட்டுக்கொடுக்கும் அடிவாரத்தையும் நாம் வெட்டிவிட்டால், அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நீலகிரியில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த வாரம் நீ ஊரில் இல்லை, நான் இருந்தேன்.

கீழ்த்தட்டில் மாட்டுக்கொட்டகை இருந்த இடம் சமதளம்தான். அங்கே கட்டு. ஒரு அறை குறையும், பரவாயில்லை. ஜன்னல் அங்கேயும் கிழக்கைத்தான் பார்க்கும். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் வடிய வாய்க்கால் எங்கே போகிறது என்பதை முதலில் வரைந்து, அப்புறம் சுவரை வரை.

புது வரைபடத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா