மரபுக்குறியின் வயதும் குடியேற்றத்தின் வயதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்கால மனிதரின் இடப்பெயர்வுகளை மரபணுக்கள் வழியே அறிவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கடினமான பொருளை எளிய நடையில் தந்தமைக்கு நன்றி. ஆயினும், ஒரு மக்களிடம் காணப்படும் மைட்டோகாண்ட்ரியா மரபுக்குறி (உயிரணுவின் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் ஒரு வம்சக் கிளையை அடையாளம் காட்டும் மாற்றங்கள்) 40,000 ஆண்டுகள் பழமையானது என்று கூறிவிட்டு, அடுத்த வரியிலேயே அம்மக்கள் அந்த நிலத்தில் 40,000 ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள் என்று முடித்திருப்பது சரியன்று.

மரபுக்குறியின் வயது என்பது, அந்தக் கிளை பிற கிளைகளிலிருந்து பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கான கணக்கு மட்டுமே. அந்தப் பிரிவு வேறொரு நிலத்தில் நிகழ்ந்திருக்கலாம். அதைச் சுமந்தவர்கள் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து இங்கு வந்திருக்கலாம். குடும்பப் பெயரின் பழமையை வைத்து, அக்குடும்பம் இப்போதைய வீட்டுக்குக் குடிவந்த ஆண்டை யாரும் கணிப்பதில்லை அல்லவா?

மேலும், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் வருவது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே அது பேசும். அவர் ஆணாயின், தந்தைவழி ஒய் குரோமோசோம் இன்னொன்றைப் பற்றிப் பேசும். எஞ்சிய 1,022 பேரின் தடயங்களை மற்ற குரோமோசோம்களில்தான் தேட வேண்டும். இதைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு இத்துறையிலேயே சான்று உண்டு. அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தாலின் எலும்பிலிருந்து 1997-இல் படிக்கப்பட்ட மைட்டோகாண்ட்ரியா வரிசை இன்றைய மனிதர் எவருடைய வரிசையோடும் சேரவில்லை என்பதால், இரு இனங்களும் கலக்கவே இல்லை என்று பலர் கருதினர். மரபியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு 2010-இல் நியாண்டர்தாலின் மரபணுத் தொகுதி வரைவை வெளியிட்டபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோரின் டி.என்.ஏ.வில் 1 முதல் 4 விழுக்காடு வரை நியாண்டர்தால் வழி வந்தது எனத் தெரிந்தது. தாய்வழிக் குறி மறைத்ததை முழுத் தொகுதி காட்டிக்கொடுத்தது.

கட்டுரையாளர் மரபுக்குறியை மொழியோடும் பிணைத்திருக்கிறார். இதில் இன்னும் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். பசிபிக் தீவுக்கூட்டங்களில் ஒன்றான வனுவாட்டுவில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் குடியேறிய முதல் மக்கள் கிழக்காசிய மரபினர் என்பதைப் பழைய எலும்புக்கூடுகள் காட்டின. அடுத்த சில நூற்றாண்டுகளில் அங்கிருந்தோரின் மரபு பெரும்பாலும் நியூ கினிப் பகுதியின் பப்புவா வழியினதாக மாறிற்று. ஆனால் முதலில் வந்தவர்களின் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பமே அங்கு நிலைத்தது. ஆள் மாறியும் மொழி மாறவில்லை!

வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலங்களில் டி.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடுவதால், அதை நன்கு காக்கும், காதையொட்டிய கெட்டியான எலும்பில்கூடப் பல வேளைகளில் எதுவும் மிஞ்சுவதில்லை. எனவே, கட்டுரையுடன் வந்த வரைபடத்தில் வெறுமையாக விடப்பட்ட பகுதிகள் மனிதர் வாழாத இடங்களைக் குறிப்பன அல்ல. பெரும்பாலும் மாதிரி கிடைக்காத இடங்களே அவை.

இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, எத்தனை பேரின் மாதிரி, வாழ்வோருடையதா பழைய எலும்பினதா, ஒற்றை வழிக் குறியா முழுத் தொகுதியா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்