புகைக்கு விலக்கு, காட்டுக்கு?

ஐயா,

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு விதி போட்டது. கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவாம். சரி, எரிக்கும் அளவும் குறைவா?

செக்-ஜெர்மனி எல்லையில் உள்ள குருஷ்னே மலைகளில் 1970, 80களில் பழுப்பு நிலக்கரிப் புகையால் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகள் பட்டுப்போயின. புகையிலிருந்த கந்தக டை ஆக்சைடால் பெய்த அமில மழை மண்ணின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்துப்போனது. கரைந்த அலுமினியம் வேர்களைக் கெடுத்தது. 1990களில் கருவி வைத்ததும் காற்று தெளிந்தது. மண் தேறத்தான் பல பத்தாண்டுகள்!

விலக்கு தருமுன் சுற்றுவட்டாரக் காட்டு மண்ணைச் சோதித்தார்களா? அமைச்சகம் சொல்லட்டும்.

- வாசகர், கடலூர்