சிறார் மனநல வார்டு கோரி மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ஈரோடு.

பொருள்: 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனி மனநல வார்டு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறாருக்கென 10 கட்டில் கொண்ட மனநல வார்டு வேண்டுகிறோம். பெரியவர்கள் வார்டில் திரை கட்டிப் பிரிப்பது ஆகாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 87ஆம் பிரிவு சிறாரைத் தனியே வைக்கச் சொல்கிறது. சேர்த்ததை 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது.

அதே பிரிவின்படி, சிகிச்சை முடியும் வரை துணையாள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். சிக்கல் இங்கேதான். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற தாய்க்கு ஒரு நாள் இருந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பல மருந்துகள் பலன் தர இரண்டு, மூன்று வாரமாகும். அதற்குள் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போய்விடுகிறார்கள். ஆகவே கட்டிலுக்கு ஒரு துணைக்கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, தங்கும் நாளுக்கு உதவித்தொகை வேண்டும்.

வார்டுக்குள்ளேயே ஓர் ஆசிரியரும் வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1931இல் குழந்தைகளுக்கென்றே திறந்த பிராட்லி இல்லத்தில் பள்ளியும் சேர்ந்தே நடந்தது. முதுகுத்தண்டு நீரை எடுத்துச் செய்த எக்ஸ்ரே சோதனையால் வந்த தலைவலிக்கு டாக்டர் சார்லஸ் பிராட்லி பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி அவ்வளவாகக் குறையவில்லை. சில பிள்ளைகள் பாடத்தில் திடீரென மனம் ஊன்றினார்கள். கண்டுபிடித்தவர்கள் ஆசிரியர்கள். பிள்ளைகளே அதைக் 'கணக்கு மாத்திரை' என்றார்களாம். 1937இல் 30 பிள்ளைகளிடம் பார்த்த பலனை அவர் வெளியிட்டார். வகுப்பறை இல்லாவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது. மருந்து வேலை செய்கிறதா என்பதைப் பத்து நிமிட ரவுண்ட்ஸில் பார்க்க முடியாது, ஐயா.

கட்டும்போதே கவனிக்க வேண்டியவை சில. மின்விசிறிக்குக் கம்பிக்கூண்டு, குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி, துணி மாட்டும் கொக்கி எங்கும் கூடாது, வலிப்புள்ள பிள்ளைகளுக்குத் தாழ்வான கட்டில். நர்ஸ் மேசையிலிருந்து எல்லாக் கட்டிலும் தெரிய வேண்டும். தூண் மறைத்தால் இரவுப் பணி வீண்.

வீட்டுக்கு அனுப்பும் முன், எழுதிய மருந்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா என்று போன் செய்து கேட்க வேண்டும். அந்தியூர் மலைக்கிராமத்தில் மாத்திரை தீர்ந்தால், அடுத்த பஸ்ஸுக்குக் காசு சேரும் வரை மருந்து நின்றுவிடும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே திரும்பும்.

பொதுப்பணித் துறைப் பொறியாளரையும் மனநலத் துறைத் தலைவரையும் ஒன்றாக அனுப்பி இடம் பார்க்க உத்தரவிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
பவானி, அந்தியூர், கோபி வட்டாரப் பெற்றோர் மற்றும் சிறப்பு ஆசிரியர்கள்