பத்துக் குறைக்கச் சொன்னார்கள், மூன்று குறைந்தது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரான்ஸின் நாட்டுப்புற வீதிகளில் வேகத்தை 90இலிருந்து 80 கிலோமீற்றராகக் குறைத்த சட்டத்தை, கோபம்கொண்ட சாரதிகள் தோற்கடித்துவிட்டார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாரிஸுக்கு அருகேயுள்ள சென்-எ-மார்ன் மாவட்டப் பக்கம் கடைகளுக்குச் சாமான் இறக்கும் வான் ஓட்டுகிறவன் நான். அந்த வீதிகளில்தான் என் பிழைப்பு. அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைச் சும்மா விட மனம் வரவில்லை.

அப்போதைய பிரதமர் எடுவார் பிலிப் 2018 யூலை 1ஆம் திகதி இதைக் கொண்டுவந்தார். நடுவில் தடுப்பில்லாத இருவழி வீதிகள், ஏறத்தாழ 4 இலட்சம் கிலோமீற்றர், ஒரே நாளில் 80க்கு வந்தன. சனம் வந்ததா? அரசுக்காக இதை ஆராய்ந்த செரெமா நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி, கார்களின் சராசரி வேகம் 3.3 கிலோமீற்றர்தான் குறைந்தது. பாதிக்கு மேற்பட்ட கார்கள் 80ஐத் தாண்டித்தான் ஓடின. வாசகர் தோல்வி என்பது இதைத்தான்.

எவ்வளவு தாண்டினார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அளவீட்டில் 5 கிலோமீற்றர் கழிப்பதால் 80 வீதியில் வேகம் பிடிக்கும் கமரா 86இல்தான் அடிக்கும். இங்கே ஓடுகிற எல்லாருக்கும் இது மனப்பாடம். அதனால் முன்பு 94, 95இல் பறந்தவர்களில் பலர் இப்போது 84, 85இல் காலை நிறுத்திக்கொள்கிறார்கள். கணக்கில் இவர்கள் சட்டத்தை மீறுகிறவர்கள். வீதியில் வேகத்தைக் குறைத்தவர்கள். வளைவுகளிலும் உழவு இயந்திரத்துக்குப் பின்னாலும் ஏற்கெனவே 75இல் ஊர்ந்தவருக்கோ எதுவும் மாறவில்லை. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மூன்று சொச்சம்தான் வரும்.

அந்த மூன்று சொச்சத்தில் என்ன கிடைத்தது? 20 மாதங்களில் 331 உயிர்கள் தப்பியதாக அதே அறிக்கை கணக்கிடுகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் சாவு நூற்றுக்கு நான்கு அளவில் குறையும் என்பது சுவீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் சொல்லிவைத்த விதி. அதோடும் இது ஒத்துப்போகிறது. 90இல் போகும் கார் நிற்க 70 மீற்றர் வேண்டும், 80இல் போவது 57 மீற்றரில் நின்றுவிடும் என்று அரசு அப்போது விளக்கியது. எதிரே ஒருவன் முந்திக்கொண்டு வரும்போது அந்த 13 மீற்றரின் அருமை தெரியும்.

நேரம் வீணாகிறது என்ற புலம்பலையும் சொல்ல வேண்டும். தாளில் போட்டால் 50 கிலோமீற்றருக்கு நாலு நிமிடம் கூடுதலாகிறது. செரெமா அளந்தபோது கிலோமீற்றருக்கு ஒரு விநாடிதான் வந்தது. அதாவது அதே 50 கிலோமீற்றருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. 90 எழுதியிருந்த காலத்திலும் ஊர்களையும் சுற்றுவட்டங்களையும் தாண்டி யாரும் முழுத் தூரமும் 90இல் போனதில்லையே.

இனி வாசகர் சொன்ன சரியான பாதி. கோபம் பொய்யில்லை. பாரிஸில் மெட்ரோவில் போகிறவர்கள், பாணுக்கும் பாடசாலைக்கும் கார் எடுக்க வேண்டியவர்களுக்கு வேகம் விதித்தார்கள் என்றுதான் கிராமங்களில் பேசினார்கள். எரிபொருள் வரிக்கு எதிராகத் தொடங்கிய மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் இந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. கமராக்களுக்குப் பெயின்ற் அடித்தார்கள், தீ வைத்தார்கள். 2019 தொடக்கத்தில் நாட்டின் நிலையான கமராக்களில் ஏறத்தாழ 60 வீதம் சேதம் என்று உள்துறை அமைச்சரே சொன்னார். கமரா குருடானதும் வேகமும் கொஞ்சம் ஏறியது. தண்டப் பயம் இல்லாமல் நாங்கள் யாரும் நல்ல பிள்ளைகள் இல்லை.

இன்னொரு முறைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. லொறிகளுக்கு ஏற்கெனவே 80தான். இப்போது காருக்கும் அதே வேகம் என்பதால், முன்னால் போகும் லொறியைச் சட்டப்படி முந்த முடியாது, பின்னால் வருகிற லொறியோ கண்ணாடி நிறைய நிற்கும். இதற்கு அரசிடமிருந்து உருப்படியான பதில் ஒன்றும் நான் கேட்டதில்லை.

ஆனால் எதிர்ப்பு இங்கே புதிதல்ல, 1970களில் 90 வந்தபோதும் முணுமுணுத்தவர்கள்தான். அந்த 90க்குச் சற்று முன், 1973 மே மாதத்தில், வீதிச் சாவுகள் எவ்வளவு என்று உணர்த்த மசாமே என்ற சிற்றூரில் சனமெல்லாம் தெருவில் பிணம்போலப் படுத்துத் தொலைக்காட்சிக்குக் காட்டினார்கள். முந்திய ஆண்டில் நாட்டின் வீதிகளில் செத்தவர்களின் தொகையும் அந்த ஊரின் சனத்தொகையும் ஏறத்தாழ ஒன்று, 16,000க்கு மேல். பிறகு 90 எல்லாருக்கும் பழகிவிட்டது. 80உம் பழகத்தான் தொடங்கியது: 2018இல் நூற்றுக்கு 30 பேராக இருந்த ஆதரவு, இரண்டு ஆண்டில் 48 ஆனது.

அந்த நேரம் பார்த்து அரசு பின்வாங்கியது. 2019 டிசம்பர்ச் சட்டத்தின்படி மாவட்ட சபைகள் விரும்பிய வீதிகளை 90க்குத் திருப்பலாம். ஓட் மார்ன் மாவட்டம் உடனே திருப்பியது, எங்கள் சென்-எ-மார்னும் சில வீதிகளைத் திருப்பியது. இப்போது ஒரே பயணத்தில் 80, 90, திரும்பவும் 80. பலகையைத் தவறவிட்டவன் 90 என்றே நினைத்துக்கொண்டு போகிறான். இரண்டில் எதுவானாலும் நாடு முழுக்க ஒன்றாக இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

அயர்லாந்து 2025 பெப்ரவரியில் ஒடுங்கிய ஊர் வீதிகளை 80இலிருந்து 60க்கு இறக்கியிருக்கிறது. அங்கும் சில மாதத்தில் ‘யாரும் மதிக்கவில்லை’ என்று செய்தி வரலாம். அதைப் போடுவதற்கு முன், எத்தனை பேர் மீறினார்கள் என்பதோடு முன்பு எவ்வளவில் ஓடினார்கள் என்பதையும் கேட்டுப் போடுங்கள். பிரான்ஸில் 90க்குத் திரும்பிய மாவட்டங்களின் விபத்துக் கணக்கையும் திரும்பாதவற்றின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை வந்தால், அந்த வாசகருக்கும் எனக்கும் உதவும்.

இப்படிக்கு,
வான் சாரதியான ஒரு வாசகர்,
சென்-எ-மார்ன், பிரான்ஸ்