பாதிச் சவ்வுக்கு ஒரே வரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக வந்த செல் பாடக் குறிப்பைப் படித்தேன். மைட்டோகாண்டிரியாவுக்கு ஒரு பத்தி. செல்லுக்குள் சவ்வாலான பின்னலாகிய எண்டோபிளாச வலைக்கு, ‘செல்லுக்குள் பொருள்களைக் கடத்துகிறது’ என்று ஒரே வரி. விலங்கு செல்லில் உள்ள மொத்தச் சவ்வில் ஏறக்குறைய பாதி இந்த வலைதான்.

மேலூரில் மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளும் அந்த வரியைத்தான் ஒப்பிக்கிறார்கள். படம் போடச் சொன்னால், உட்கருவை விட்டுத் தள்ளி நாலு வளைகோடு, மேலே, புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குப் புள்ளிகள். ரைபோசோம் ஒட்டாத வழவழப்பான வலை வேறொரு மூலையில் தனியாகக் கிடக்கும். உண்மையில் உட்கருவின் வெளிச்சவ்வே நீண்டு இந்த வலையாகிறது. ரைபோசோம் ஒட்டிய சொரசொரப்பான வலையும் வழவழப்பான வலையும் ஒரே சவ்வின் பகுதிகள்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். கணையத்தின் பீட்டா செல்லில் அதன் மூலப் புரதம் உருவாகும்போதே இந்த வலைக்குள் நுழைகிறது. அங்கேதான் அது முறையாக மடிந்து, 3 கந்தகப் பிணைப்புகளைப் பெறுகிறது. மடிப்பு தப்பிய புரதத்தை வலை லேசில் வெளியே விடாது. பிடித்து வைத்து, சரிப்படாவிட்டால் சிதைக்க அனுப்பிவிடும். எந்தப் புரதம் வலைக்குள் போக வேண்டும் என்ற குறிப்பு அந்தப் புரதத்திலேயே இருக்கிறது என்று காட்டிய குந்தர் புளோபலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை வியாதியைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளை உண்டா? இதைச் சொன்னால் பாடம் தானாக மனதில் நிற்கும்.

அப்புறம் கல்லீரல். மருந்துகளை மாற்றிச் சிதைக்கும் நொதிகள் அங்கே வழவழப்பான வலையில் இருக்கின்றன. தொடர்ந்து குடிப்பவருக்கு அவற்றில் ஒரு நொதி கூடிவிடும். பாரசிட்டமாலின் ஒரு பகுதியை நச்சாக மாற்றுவதும் அதே நொதிதான். அதனால் குடிப்பழக்கம் உள்ளவர் அந்த மாத்திரையை அளவு மீறிப் போட்டால் கல்லீரலுக்கு ஆபத்து அதிகம். இதை நடத்திய அன்று ஒரு பையன் மற்றவர்கள் போன பிறகும் நின்று, “டீச்சர், இதை எங்க அப்பாகிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டான். கட்டாயம் சொல் என்றேன்.

கீத் போர்ட்டரும் உடன் இருந்தவர்களும் 1945இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கோழிக் கருவின் செல்லைப் பார்த்துத்தான் இந்தப் பின்னலை வெளியிட்டார்கள். பிள்ளைகளும் அப்படி ஒரு படத்தைப் பார்க்கட்டுமே. செரிமான நொதி சுரக்கும் கணையச் செல்லின் படம் என்றால் அடுக்கடுக்காக வலை தெரியும். வண்ணம் தேவையில்லை, கறுப்பு வெள்ளையே போதும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் மாணவர் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்.